நூர்ஜஹான் நூர்ஜஹானின் திருத்தம்

1

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து, தட்டுகளைக்கூட எடுக்காமல் மேசையிலேயே கணினியைத் திறந்து வைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். என் மகள் எட்டிப் பார்த்தாள். "மறுபடியும் அந்த இந்தியர்களா?" என்று ஜெர்மன் மொழியில் கேட்டுவிட்டுத் தண்ணீர் பாட்டிலுடன் தன் அறைக்குப் போய்விட்டாள்.

அவளுக்குப் பதினைந்து வயது. அவள் அம்மா அடையாறு, அப்பா மாம்பலம். "அந்த" என்ற சொல்லை அவள் யோசித்துச் சொல்லவில்லை. பள்ளியில் சொல்கிறார்கள், தொலைக்காட்சியில் சொல்கிறார்கள், அவளும் சொல்கிறாள். யோசித்துச் சொல்லியிருந்தால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு விட்டிருப்பேன். யோசிக்காமல் வந்ததுதான் என்னை அன்று முழுக்க அறுத்தது. அவளைத் திட்ட வாயெடுத்தபோது, நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததும் "அந்த" ஆட்களைப் பார்த்துத்தான் என்பது உறைத்தது. அதனால் திட்டவில்லை. தட்டுகளைக் கழுவினேன்.

ஹாம்பர்க் நகருக்கு வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. இங்கே என்னை எல்லோரும் என் அப்பாவின் பெயரால் கூப்பிடுகிறார்கள். வந்த புதிதில் நகர அலுவலகத்தில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். அப்படி ஒன்று எங்களுக்குக் கிடையாது, என் பெயர் வசந்தா, அப்பா பெயர் சுந்தரேசன் என்று விளக்கினேன். அங்கிருந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கட்டம் காலியாக இருந்தால் கணினி ஏற்காது என்றாள். அன்று முதல் நான் திருமதி சுந்தரேசன். அப்பாவை அடையாற்றில் யாரும் இப்படி முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் சுந்தரம் சார்தான். இங்கே பல் மருத்துவமனையில், "சுந்தரேசன், உள்ளே வாருங்கள்" என்றால் நான் எழுந்து போகிறேன்.

பெயர் விஷயத்தை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு பெண்ணின் பெயரை ஒரு கட்டம் கெடுத்த கதைதான் இது. எனக்கு நடந்தபோது சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன். அவளுக்கு நடந்தபோது முடியவில்லை.

2

வார நாட்களில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சம்பளம் அங்கேதான். மிச்ச நேரத்தில், ஏழெட்டு ஆண்டுகளாக, ஓப்பன் சோர்ஸ் என்கிற கட்டற்ற மென்பொருள் திட்டம் ஒன்றில் உழைக்கிறேன். பார்வை இல்லாதவர்களுக்குக் கணினித் திரையில் உள்ளதை வாய்விட்டு வாசித்துக் காட்டும் மென்பொருள் அது. யாரும் காசு கொடுக்க வேண்டாம். அதன் நிரல் எல்லோர் கண்ணுக்கும் திறந்து கிடக்கிறது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் பிழை கண்டுபிடிக்கலாம், திருத்தி அனுப்பலாம். பொறுப்பாளர்கள் ஆறு பேர் அதைப் படித்துப் பார்த்து, சரியாக இருந்தால் சேர்த்துக்கொள்வோம். சேர்த்துவிட்டால் திருத்தியவரின் பெயர் அந்த வரிகளோடு நிரந்தரமாக நிற்கும். சம்பளம் இல்லாத வேலையில் அதுதான் கூலி.

ஆறு பேரில் மூத்தவர் மார்ட்டின். திட்டத்தைத் தொடங்கியவர். கெட்டவர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராது.

புதிதாக வருபவர்களைக் கைப்பிடித்து உள்ளே அழைத்து வரும் வேலை என்னுடையது. வழிகாட்டி என்று பட்டம். பாதி வேலை மொழிபெயர்ப்புதான். அதுவும் ஆங்கிலத்திலிருந்து ஆங்கிலத்துக்கு.

ஒருநாள் பொது விவாதப் பக்கத்தில் சென்னையிலிருந்து ஒரு செய்தி வந்தது. "மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் நிரலில் எனக்கு ஒரு டவுட் இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் ஆரம்பம். நமக்கு இது எவ்வளவு சாதாரணமான வாக்கியம். பள்ளிக்கூடத்தில் பாடம் முடிந்ததும் "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்பார்கள், கை தூக்குவோம். சந்தேகம் என்றால் கேள்வி. மார்ட்டின் அகராதியில் சந்தேகம் என்றால் அவநம்பிக்கை. அவர் பதில் எழுதினார்: "எங்கள் நிரலில் நம்பிக்கை இல்லை என்றால், வேறு மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தலாம்."

நான் பார்ப்பதற்குள் அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டிருந்தாள். எதற்கு என்று தெரியாமலே, மூன்று வரியில் இரண்டு முறை. மார்ட்டினுக்குத் தனியாக எழுதி விளக்கினேன். அவர், "ஓ, சுவாரஸ்யமாக இருக்கிறதே" என்று ஒரு சிரிப்புப் பொம்மை போட்டார். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பதில் இன்றும் அப்படியே கிடக்கிறது.

அவளுக்கு நான் எழுதினேன். தமிழில்.

3

நூர்ஜஹானுக்கு நாற்பத்தொரு வயது. மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் மாடி வீடு. கல்யாணத்துக்கு முன் ஒரு சிறிய நிறுவனத்தில் நிரல் எழுதிக்கொண்டிருந்தவள். இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு வேலையை விட்டாள். பிள்ளைகள் வளர்ந்த பிறகு பெருங்குடியில் நான்கு நிறுவனங்களில் ஏறி இறங்கினாள். இடையில் இத்தனை வருடம் என்ன செய்தாய் என்று எல்லா இடத்திலும் கேட்டார்கள். குழந்தை வளர்த்தேன் என்றதும் எல்லா இடத்திலும் எழுந்து கைகொடுத்து அனுப்பினார்கள்.

அவள் கணவர் யூசுப், தி.நகரில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றவர். சர்க்கரை நோய் கண்ணில் இறங்கிவிட்டது. நிறம் தெரியாமல் போனபோதே கடையிலிருந்து நின்றுவிட்டார். பிறகு வெளிச்சமும் போயிற்று. மனிதர் வாசிப்பில் பைத்தியம். யாரோ எங்கள் மென்பொருளைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை எனக்குக் காலை, அவர்களுக்கு மதியம். காணொளியில் பேசுவோம். முதல் நாளே யூசுப் கேமராவுக்கு வெளியிலிருந்து குரல் கொடுத்தார்.

"மேடம், உங்க மிஷின் நல்லாத்தான் கீது. ஆனா சோறுன்னா 'று'ன்னுது. தோசைன்னா 'சை'ன்னுது. கோழின்னா 'ழி'ன்னுது. என்னைப் பட்டினி போட்டே கொன்னுடும் போல கீது."

"சும்மா இருங்க நீங்க," என்றாள் நூர்ஜஹான். பிறகு என்னிடம், "ஆனா அதான் மேடம் பிரச்சினை. நான் பார்த்துட்டேன் எங்க இருக்குன்னு. அதைக் கேக்கத்தான் டவுட்டுன்னு போட்டேன்."

உண்மையிலேயே பார்த்திருந்தாள். "சோ" என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ச-வுக்கு முன்னால் இரட்டைக் கொம்பு, பின்னால் ஒரு கால். கணினிக்குள் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாகச் சேமிக்கலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் சேமிக்கலாம். பார்ப்பவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எங்கள் நிரலுக்கு முதல் வகை மட்டும்தான் தெரியும். இரண்டாவது வகை வந்தால் அந்த எழுத்தையே விழுங்கிவிட்டு அடுத்த எழுத்துக்குத் தாவிவிடும். கண்ணால் பார்ப்பவர்கள் எழுதிய நிரல். காதால் மட்டும் கேட்பவருக்குத்தான் பள்ளம் தெரிந்தது.

திருத்துவது சுலபம் என்றுதான் நானும் நினைத்தேன். ஓரிடத்தில் சரி செய்தால் மலையாளத்தில் உடைந்தது. அதைச் சரி செய்தால் வங்காளத்தில் உடைந்தது. அவள் விடவில்லை. பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு உட்காருவாள், அடுப்பு வேலை வந்தால் எழுந்து போவாள், திரும்ப வந்து உட்காருவாள். ஒவ்வொரு முறையும் அவள் கணினியில் யூசுப் கேட்டுப் பார்ப்பார்; திட்டத்தில் சேர்ந்த பிறகுதான் அது அவர் கணினிக்கு வரும். "இப்ப சோறு வந்துடுச்சு, மோர்தான் இன்னும் வரல," என்பார். ஹாம்பர்க்கில் கோடை முழுவதும் இப்படிப் போயிற்று. நடுவில் எப்போதோ மேடம் போய் அக்கா ஆனேன்.

அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்தது மிகக் கொஞ்சம். எங்கே அனுப்ப வேண்டும், எப்படி விளக்கம் எழுத வேண்டும், "டவுட்" என்று ஏன் எழுதக் கூடாது. கடைசியாகச் சொன்னதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. அகராதியை மாற்ற வேண்டியவர் மார்ட்டின்தான்.

4

அவள் திருத்தத்தை அனுப்புவதற்கு இரண்டு வாரம் முன்பு வெள்ளம் வந்தது.

திடீரென்று ஒரு காலையில் எங்கள் திட்டத்தில் நூற்றுக்கணக்கான திருத்தங்கள் வந்து விழுந்தன. எல்லாம் ஒரே மாதிரி. எங்கள் வரவேற்புப் பக்கத்தைத் திறந்து, அடியில் தன் பெயரைச் சேர்த்து, "அருமையான திட்டம்" என்று ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தார்கள். மறுநாள் இன்னும் அதிகம். பெயர்களைப் பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. கார்த்திக், திவ்யா, அப்துல், ஜெனிஃபர். எல்லாம் நம்மூர். தேடியதில், தி.நகரில் ஒரு பயிற்சி மையம் எங்கள் திட்டத்தைக் காட்டி, "முதல் பங்களிப்பு செய்வது எப்படி" என்று பாடம் எடுத்து அதைக் காணொளியாகவும் போட்டிருந்தது தெரிந்தது.

வேலை நின்றுவிட்டது. உண்மையான பிழைகள் இந்தக் குவியலுக்கு அடியில் எங்கோ போயின. நான் பல்லைக் கடித்ததும் என் மகள் கேட்டதும் அந்த வாரத்தில்தான்.

மார்ட்டின் ஒரு விதியைப் போட்டார். இதுவரை ஒரு திருத்தமும் சேராதவர்கள், அதுவும் சில நாடுகளிலிருந்து வருபவர்கள், எது அனுப்பினாலும் தானாகவே மூடப்படும். மேலே "குப்பை" என்று சிவப்பு முத்திரை விழும். யாரும் படிக்க வேண்டியதில்லை. என்னைக் கேட்கவில்லை.

அந்த விதி நூர்ஜஹானின் திருத்தத்தை வந்த நிமிடத்திலேயே மூடியது. ஒரு கோடைக்கால உழைப்பின் மேல் சிவப்பில் குப்பை என்று எழுதியிருந்தது.

அவசரக் கூட்டம் கேட்டேன். காணொளியில் ஆறு பேரும் இருந்தோம்.

"அது தெளிவாகவே போலிக் கணக்கு," என்றார் மார்ட்டின். "பெயரைப் பாருங்கள். நூர்ஜஹான் நூர்ஜஹான். ஒரே பெயர் இரண்டு முறை. மனிதர்கள் அப்படிப் பெயர் வைத்துக்கொள்வதில்லை. இயந்திரம் செய்த வேலை."

"நம் படிவத்தில் குடும்பப் பெயர் இல்லாவிட்டால் மேலே போக விடுவதில்லை," என்றேன். "அவளுக்கு ஒரே பெயர்தான். அதனால் அதையே இரண்டு தடவை எழுதியிருக்கிறாள். வேறு என்ன செய்வாள்?"

"எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் நாட்டுக்காரர்கள் செய்ததைப் பார்த்தீர்கள்தானே? ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க நேரம் இல்லை."

"யோவ், கொஞ்சம் இருய்யா," என்றேன். தமிழில் வந்துவிட்டது. என்ன சொன்னேன் என்று யாரும் கேட்கவில்லை. கோபம் என்பது மட்டும் புரிந்திருக்கும்.

கூட்டம் முடிந்தபின் மார்ட்டின் தனியாக எழுதினார். திருத்தம் நல்லது என்று நீங்கள் உறுதியாக நம்பினால், அதை உங்கள் பெயரில் நீங்களே அனுப்புங்கள், உடனே சேர்த்துவிடுகிறேன் என்று. அதை அவர் ஒரு சலுகையாக நினைத்துச் சொன்னார். அதுதான் வலித்தது.

அதே மாதம் நன்கொடையாளர்களுக்கான ஆண்டறிக்கை வந்தது. அதில் ஒரு பக்கம் முழுக்க வண்ண வரைபடம். "இந்த ஆண்டு தெற்காசியாவிலிருந்து புதிய பங்களிப்பாளர்கள் பெருமளவில் இணைந்திருக்கிறார்கள்" என்று பெருமையாக ஒரு வரி. எந்தப் பங்களிப்பாளர்கள் என்று எண்ணிப் பார்த்தேன். அதே கார்த்திக், அதே திவ்யா. குப்பை என்று முத்திரை குத்தி வெளியே தள்ளியவர்களைத்தான் நன்கொடை வாங்க வாசலில் வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள்.

5

டிசம்பரில் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்காகச் சென்னைக்குப் போனேன். விமான நிலையத்தில் என் ஜெர்மன் கடவுச்சீட்டையும் அதோடு சேர்ந்த இந்திய வம்சாவளி அட்டையையும் திருப்பித் திருப்பிப் பார்த்த அதிகாரி, "இந்தியாவுல எங்க தங்கப் போறீங்க?" என்றார். அடையாறு என்றேன். "அட்ரஸ் முழுசா சொல்லுங்க." நான் பிறந்து வளர்ந்த வீட்டின் கதவு எண்ணை அவருக்கு ஒப்பித்தேன். ஒரு எழுத்து அவர் தப்பாகத் தட்டினார், திருத்தினேன். எரிச்சல் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

இரண்டாம் நாள் மயிலாப்பூருக்குப் போனேன். யூசுப் எழுந்து நின்று, என் குரல் வந்த பக்கம் கை கூப்பினார். நூர்ஜஹான் திரையில் பார்த்ததைவிட உயரம். டீயும் சமோசாவும் வந்தன. மார்ட்டின் சொன்னதைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அவள் பெயர் போனால் போகட்டும், அவருக்கு வாசிப்பு சரியாகும், இந்தியா முழுக்க இவரைப் போல எத்தனையோ பேருக்குச் சரியாகும் என்ற நியாயமும் எனக்குள் இருந்தது.

"என் பேர்ல அனுப்பினா இந்த வாரமே சேந்துடும், நூர். முடிவு உன்னுது."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "இல்லக்கா. பேரு வேணும்."

"சரி."

"இன்னாடா இவ இப்டி சொல்றாளேன்னு நினைக்காதீங்க. பதினாலு வருஷமா கேஸ் புக்கைத் தவிர வேற எதுலயும் என் பேரு இல்லக்கா. கரண்ட் பில்லு அவர் பேர்ல, வீடு மாமனார் பேர்ல, பசங்க ஸ்கூல்ல ஃபாத்திமாவோட அம்மா. இன்டர்வியூல போய் இன்னா பண்ணீங்கன்னு கேட்டா, இந்தா பாருன்னு காட்ட இது ஒண்ணுதான் இருக்கு."

நான் யூசுப்பைப் பார்த்தேன். அவருக்குத்தானே நஷ்டம். அவர் சமோசாவின் நுனியை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"அதான் சொல்லிட்டால்ல மேடம். அவ பேர்லயே வரட்டும். சோறு எங்க ஓடிடப் போவுது."

அடுத்து என்ன என்று உட்கார்ந்திருந்தபோது அவளே சொன்னாள். "அந்த தி.நகர் சென்டருக்குப் போலாமாக்கா? யாரு என் வேலையைக் குப்பையாக்கினதுன்னு ஒரு தபா மூஞ்சியைப் பாக்கணும்."

ஆட்டோவில் போனோம். பனகல் பார்க் பக்கம், ஒரு பட்டுச் சேலைக் கடைக்கு மேல் மாடியில் மையம். நடத்துபவர் பெயர் சண்முகவேல். கீழே இருக்கும் கடையும் அவர் குடும்பத்துடையதுதான், திருநெல்வேலிக்காரர்கள். எதற்கு வந்திருக்கிறோம் என்று சொன்ன பிறகும் முகம் மாறாமல் காபி வரவழைத்தார்.

"வெளிநாட்டுல இருந்து வந்திருக்கீங்க, சந்தோஷம். ஆனா எங்க மேல என்ன தப்புன்னு சொல்லுதீங்க மேடம்?"

"வரவேற்புப் பக்கத்துல பேரைச் சேர்த்து அனுப்புன்னு சொல்லிக் கொடுக்கறீங்க. அது பங்களிப்பா?"

"அது பழகுததுக்கு. சைக்கிள் பழகுதவன் முதல்ல தெருவுலதான ஓட்டுவான்."

"தெருவுல ஓட்டல. இன்னொருத்தர் வீட்டுக் கூடத்துல ஓட்டறீங்க."

அவர் சிரிக்கவில்லை. "இன்டர்வியூல கேக்கான்லா மேடம், ஓப்பன் சோர்ஸ்ல என்ன பண்ணிருக்கேன்னு. காட்டலேன்னா பேப்பரைத் தூக்கிப் போடுதான். பிள்ளைக என்ன செய்யும்? நான் உங்க திட்டத்துக்கு மெயில் போட்டேன். எங்க பிள்ளைகளுக்கு யாராவது சரியான வழி சொல்லிக் குடுங்கன்னு கேட்டேன். ஒரு பதில் கிடையாது."

ஏதோ சமாளிக்கிறார் என்று நினைத்தேன். ஹாம்பர்க் திரும்பியபின் தேடிப் பார்த்தேன். இரண்டு மின்னஞ்சல்கள் இருந்தன. பொதுப் பெட்டியில், யாரும் திறக்காமல். அவர் செய்தது அதனால் சரியாகிவிடாது. ஆனால் அந்த மாடியில் நான் போட்ட சத்தத்தில் பாதியை ஹாம்பர்க்கில் போட்டிருக்க வேண்டும்.

பக்கத்து அறையில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நூர்ஜஹான் எழுந்து, "ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமா?" என்றாள். அவர் கையைக் காட்டினார்.

இருபது பேர் போல இருந்தார்கள். அவள் என்னை அந்தத் திட்டத்திலிருந்து வந்தவர் என்று சொல்லிவிட்டு, தன் மடிக்கணினியை ஒலிபெருக்கியில் பொருத்தி, திருத்தாத பதிப்பில் ஒரு சமையல் குறிப்பை வாசிக்க விட்டாள். "று" என்றது. "சை" என்றது. எல்லோரும் சிரித்தார்கள்.

"சிரிங்க. நாங்களும் சிரிச்சோம்," என்றாள் அவள். "எங்க வூட்டுக்காரருக்குக் கண்ணு தெரியாது. அவருக்குப் பேப்பர், கதை, பேங்க்லேர்ந்து வர்ற மெசேஜ் எல்லாம் இப்படித்தான் கேக்குது. இதை நான் சரி பண்ணி அனுப்பினேன். நீங்க அனுப்பின பேருங்களோட சேத்து அதையும் குப்பைன்னு மூடிட்டாங்க."

சிரிப்பு நின்றது. முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பெருங்குடியிலிருந்து வருகிறாளாம், பெயர் திவ்யா. அவள் நூர்ஜஹானைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"எங்களுக்கு இதான் ரூட்டுன்னு சொன்னாங்க, பண்ணோம். தப்புன்னா அங்க இருக்கறவங்க யாராவது ஒரு வரி எழுதிருக்கலாம்ல? இது வேணாம், இதைப் பண்ணுன்னு. குப்பைன்னு மட்டும் போட்டாங்க. என் பேருக்கு நேரா இன்னும் அப்படியே இருக்கு. கம்பெனிக்காரங்க தேடினா அதான் முதல்ல வரும்."

வழிகாட்டி என்ற பட்டத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

சண்முகவேல் காணொளியை எடுத்துவிடுகிறேன் என்றார். சொன்னபடி எடுத்தார். பிறகு வேறொரு திட்டத்தைக் காட்டிப் புதிதாக ஒன்று போட்டிருக்கிறார்.

6

திரும்பி வந்த வாரம், பொது விவாதப் பக்கத்தில் இரண்டு படங்களை அடுத்தடுத்து வைத்தேன். ஒன்று ஆண்டறிக்கையின் வண்ணப் பக்கம். மற்றொன்று குப்பை முத்திரை விழுந்தவர்களின் பெயர் வரிசை. கீழே ஒரே வாக்கியம்: "இவர்களும் அவர்களும் ஒரே ஆட்கள், எது உண்மை என்று முடிவு செய்யுங்கள்." இப்படி வீட்டுச் சண்டையைத் தெருவுக்குக் கொண்டுவருவது இங்கே பெரிய குற்றம். ஒரு பொறுப்பாளர் அன்றே என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். போலந்தில் இருக்கும் டொரோட்டா மட்டும், "மார்ட்டின், இது உண்மையா?" என்று பொதுவிலேயே கேட்டாள்.

சில நாள் போயின. பிறகு மார்ட்டின் நூர்ஜஹானின் திருத்தத்தைத் திறந்து படித்தார். படித்தபின் கேள்விகளாகக் கேட்டார். இந்த வரி ஏன், அந்தச் சோதனை ஏன், வங்காளத்தில் பார்த்தாயா, வேகம் குறையாதா. மற்றவர்களிடம் அவர் இத்தனை கேட்டு நான் பார்த்ததில்லை. நூர்ஜஹான் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினாள். ஒரு கேள்விக்கு அவர் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொண்டு மாற்றினாள். நான் நடுவில் போகவில்லை. அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தாள்.

திருத்தம் சேர்ந்தது. நூர்ஜஹான் நூர்ஜஹான் என்று இரட்டிப்பாகவே பெயர் நிற்கிறது. படிவத்தில் குடும்பப் பெயர்க் கட்டத்தை டொரோட்டா எடுத்துவிட்டாள். ஒன்றைக் குறைத்துக்கொள்கிறாயா என்று நூரிடம் கேட்டதற்கு, "இருக்கட்டும்கா, இத்தனை வருஷத்துக்கும் சேத்து," என்றாள். யூசுப் முதலில் எதைக் கேட்டார் என்று விசாரித்தேன். செய்தித்தாளில் விளையாட்டுப் பக்கமாம். "கோல்"னு ஒழுங்கா சொல்லுது என்றாராம்.

இதோடு முடிந்தால் நானும் மகிழ்ச்சியாக முடித்திருப்பேன். மார்ட்டினின் விதி மட்டும் அப்படியே இருந்தது. நூர்ஜஹானுக்காக ஒருமுறை கதவைத் திறந்தார்கள், பிறகு மூடிக்கொண்டார்கள். இப்போது சனிக்கிழமைகளில் திவ்யாவும் இன்னும் இரண்டு பேரும் மயிலாப்பூர் மாடிக்கு வருகிறார்கள். நூர்ஜஹானோடு உட்கார்ந்து உண்மையான பிழைகளைத் திருத்துகிறார்கள். பிப்ரவரியில் மூன்று பேரும் ஆளுக்கொரு திருத்தம் அனுப்பினார்கள். மூன்றும் வந்த நிமிடத்திலேயே மூடப்பட்டன. சிவப்பில் குப்பை.

நூர்ஜஹான் ஃபோன் செய்தாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான்.

"அக்கா, மாசக் கூட்டத்துக்கு நான் வரலாமா?"

"பேர் சேந்தவங்க எல்லாரும் வரலாம்."

"அப்ப நான் வர்றேன். நான் பேசிக்கிறேன். நீங்க குறுக்க வராதீங்க."

வந்தாள். கேமராவில் பின்னால் மயிலாப்பூர் வீட்டின் பச்சைச் சுவர், பீரோ, ஓரத்தில் யூசுப்பின் தோள். மார்ட்டின் வரவேற்று, புதியவர்கள் கூட்டத்துக்கு வருவதில் தனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று சொன்னார். அவள் நன்றி சொல்லவில்லை. முதல் திருத்தத்தைத் திரையில் திறந்தாள்.

"இதில் என்ன தவறு?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

மார்ட்டின் விதியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவர் முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, "இந்தத் திருத்தத்தில் என்ன தவறு?" என்று அதே குரலில் திரும்பக் கேட்டாள். அவர் வெள்ளத்தைப் பற்றிச் சொன்னார். நேரமின்மையைப் பற்றிச் சொன்னார். அவள் மூன்றாம் முறையும் அதையே கேட்டாள். டொரோட்டா, "படித்துப் பார்ப்போமே, எல்லோரும்தான் இருக்கிறோம்," என்றாள். படித்தார்கள். கூட்டத்தின் மற்ற அலுவல்கள் எல்லாம் அன்று போயின. திவ்யாவின் திருத்தம் சரியாக இருந்தது. இரண்டாவதும் சரி. மூன்றாவதைத் திறந்ததும் நூர்ஜஹானே, "இது தப்பு. ஏன் தப்புன்னு நான் அந்தப் பையனுக்கு எழுதறேன். குப்பைன்னு போடத் தேவையில்லை," என்றாள். பாதி தமிழ், பாதி ஆங்கிலம். எல்லோருக்கும் புரிந்தது.

விதி ஓட்டுக்கு விடப்பட்டது. மூன்றுக்கு மூன்று. சமமானால் பழையதே தொடரும் என்பது எங்கள் வழக்கம். விதி இருக்கிறது. இரண்டு திருத்தங்கள் சேர்ந்தன. மற்றவர்களின் பெயர்களுக்கு நேராகச் சிவப்பு எழுத்து அப்படியே நிற்கிறது. அடுத்த மாதம் மறுபடி ஓட்டு கேட்கப் போவதாக நூர்ஜஹான் அறிவித்துவிட்டாள். ஓட்டு கேட்கும் உரிமை அவளுக்கு உண்டா என்று விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். உண்டு.

கூட்டம் முடிந்த கொஞ்ச நேரத்தில் மார்ட்டினிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. "உங்கள் மாணவி கொஞ்சம் கடுமையாகப் பேசுகிறார். நீங்கள் சொன்னால் கேட்பார் என்று நினைக்கிறேன். பக்குவமாக எடுத்துச் சொல்லுங்களேன்."

அவர் என் மாணவி இல்லை, உங்களோடும் என்னோடும் இந்தத் திட்டத்தில் வேலை செய்பவர், சொல்ல வேண்டியதை நேராக அவரிடமே சொல்லுங்கள் என்று எழுதி, நூர்ஜஹானின் முகவரியையும் சேர்த்து அனுப்பினேன்.

இன்றுவரை அவளிடம் அவர் எதுவும் சொல்லவில்லை.